செத்தவர் பெயர் கேட்டவன்

மலைக்குடிகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகள் நான்கு. அவற்றில் ஒன்றை மட்டும் இன்றைக்கும் சிலர் தேடிப் படிக்கிறார்கள். கடிதம் போட்டு விவரம் கேட்கிறார்கள். அந்தக் கட்டுரைக்கான செய்திகளை நான் எப்படிச் சேகரித்தேன் என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவிக்குப் பாதி தெரியும். மீதியையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஜனங்களின் குலப்பெயரை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும்.

எங்களுடையது பரவைப் பக்கம் விவசாயக் குடும்பம். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் சோளம். வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். பசுமலையில் படித்து, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராகச் சேர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சீமையிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் மதுரைக்கு வந்தார். மலையில் வாழும் ஜனங்களை அளந்து எழுத வந்தவர். அவருக்குத் தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

இரண்டு வருடம் பள்ளி விடுமுறைகளில் அவரோடு அலைந்தேன். மண்டையின் நீள அகலம் பார்க்கும் பித்தளைக் கருவியை எப்படிப் பிடிப்பது, மூக்கின் அகலத்தை எங்கிருந்து எங்கே அளப்பது, உறவுமுறையை எந்த வரிசையில் கேட்பது என்று எல்லாம் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. வகுப்பில் செத்துப்போன ராஜாக்களைப் பற்றி ஒப்பித்துக்கொண்டிருந்தவனுக்கு, உயிரோடு இருப்பவர்களைக் கேட்டு எழுதுவது பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஊருக்குப் போனபோது அப்பா மட்டும், "வாத்தியாரு வேலைக்குன்னு படிக்க வச்சா, ஊரான் மண்டையை அளந்துக்கிட்டுத் திரியுறான்" என்றார். நான் சிரித்துக்கொண்டேன்.

அந்தத் துரை சீமைக்குத் திரும்பும்போது கருவிகளை என்னிடமே விட்டுப்போனார். கொட்டாம்பட்டிக்கு மேற்கே தெரியும் மலையில் ஒரு சிறு கூட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். அவர்களை நான் தனியாகப் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

மொத்தம் முப்பத்தொரு பேர். கிழங்கு தோண்டுவார்கள், தேன் எடுப்பார்கள். கடுக்காயும் சீயக்காயும் கொண்டுவந்து சந்தையில் போட்டுவிட்டு உப்பும் புகையிலையும் வாங்கிக்கொண்டு மேலே போய்விடுவார்கள். அவர்கள் பேசியது தமிழ்தான், கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள். அவர்களுக்கு ஒரு மூப்பர் இருந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அப்போது அது எனக்கு உறுத்தவில்லை.

அவர்கள் இருந்த இடத்துக்கு ஏற மூன்று மணி நேரமாகும். முதல் தடவை ஏறி இறங்கியதில் என் கால் வீங்கி நான்கு நாள் படுத்துவிட்டேன். கோடை விடுமுறை மொத்தமே ஒரு மாதம் சில்லறை. தினமும் ஏறி இறங்கினால் வேலை நடக்காது. அதனால் ஒரு யோசனை செய்தேன். கொட்டாம்பட்டிக்கு வெளியே ஊருணிக் கரையில் ஒரு புளியந்தோப்பு இருந்தது. கூட்டம் முழுவதையும் அங்கே இறக்கி ஒரு மாதம் தங்க வைத்துவிட்டால், நான் ஊருக்குள் ஓர் அறை எடுத்துக்கொண்டு சௌகரியமாக எழுதலாம். அரிசி, பருப்பு, புகையிலை என் பொறுப்பு.

சந்தைக்கு வந்திருந்த மூப்பரிடம் சொன்னேன். அவர் மலையைத் திரும்பிப் பார்த்தார்.

"கீழ்த் தண்ணி எங்களுக்கு ஆகாது சாமி" என்றார்.

"ஒரு மாசந்தானப்பா. சந்தைக்கு வரும்போது குடிக்கிறதில்லையா?"

"சந்தைக்கு வந்தா ஒரு பொழுதுல திரும்பிருவோம். சுனைத் தண்ணியைச் சொரக்குடுக்கையில கட்டிக்கிட்டு வந்துருவோம்."

எனக்கு விடுமுறை போய்க்கொண்டிருந்தது. காட்டு இலாகா கார்டு ஒருவன் எனக்குப் பழக்கம். அவனிடம் ஒரு வார்த்தை போட்டேன். அவன் மறுநாளே மேலே போனான். என்ன சொன்னானோ தெரியாது, மூன்றாம் நாள் முப்பத்தொரு பேரும் மூட்டை முடிச்சோடு தோப்பில் இறங்கிவிட்டார்கள். கார்டு என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

வேலை நன்றாக நடந்தது. ஒவ்வொருவராக ஸ்டூலில் உட்கார வைத்து அளந்தேன். குழந்தைகள் கருவியைப் பார்த்து அழுதன. பெரியவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். முப்பது வயது இருக்கும். மூப்பருடைய தம்பி மகள். புருஷன் தேன் பாறையிலிருந்து விழுந்து செத்துப்போயிருந்தான். அளந்து முடித்ததும், "எம் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு இதுல தெரியுமா சாமி?" என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிக்கல் கொடிவழி எழுதும்போதுதான் வந்தது. யாருக்கு யார் மகன், யார் யாரைக் கட்டினார்கள் என்று நான்கு தலைமுறைக்கு எழுத வேண்டும். செத்தவரின் பெயரை அவர்கள் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் தனியே போக மாட்டார், ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போவார் என்பது அவர்கள் நம்பிக்கை. 'பாறையில கெடந்தவன்', 'ஓடைக்குப் போனவ' என்று செத்த இடத்தை வைத்துத்தான் குறிப்பிடுவார்கள். முதல் தடவை மேலே ஏறியபோது எழுதிய ஒரு பகுதியை விமானத் தபாலில் துரைக்கு அனுப்பியிருந்தேன். அவரிடமிருந்து பதில் வந்தது. பாதிப் பக்கங்கள் கிழிந்த புத்தகத்தை அனுப்பியிருக்கிறாய், பெயர்கள் இல்லாமல் இதை அச்சிட முடியாது என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதம் என்னைச் சுட்டது. என் பெயர் அச்சில் வர வேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்பட்டேன்.

எல்லோரும் கிழங்குக்குப் போன ஒரு மத்தியானம், காலில் முள் தைத்திருந்ததால் அந்தப் பெண் மட்டும் தோப்பில் இருந்தாள். நான் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதினா அது எம்புட்டு நாளு இருக்கும் சாமி?"

"புத்தகமா வந்தா நூறு வருசங்கூட இருக்கும்."

"யாரு படிப்பா?"

"சீமையில படிப்பாங்க. மெட்ராசுல படிப்பாங்க."

"எங்க சனம் படிக்காதுல்ல?"

"படிக்காது."

அவள் நோட்டுக்குக் கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள். பிறகு, "எம் மக காய்ச்சல்ல போயி மூணு வருசமாச்சு. ஏழு வயசு. அவ பேரு வாய்க்குள்ளயே கெடக்கு" என்றாள்.

நான் பேனாவை எடுத்தேன். அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது இரக்கம் இல்லை. கதவு திறக்கிறது என்ற சந்தோஷந்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு அந்தப் பெயரைச் சொன்னாள். நான் எழுதினேன். எழுதியதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "இன்னொருக்கா." மறுபடியும் சொன்னேன். முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான்கு மத்தியானங்கள். கால் ஆறிய பிறகும் ஏதாவது சொல்லி அவள் தோப்பில் தங்கினாள். நான் கேட்கக் கேட்க, செத்துப்போன நாற்பத்திரண்டு பேரின் பெயர்களைச் சொன்னாள். பதிலுக்கு ஒவ்வொரு நாளும் போகும்போது அவள் மகள் பெயரை நான் ஒருமுறை வாசிக்க வேண்டும். அவள் கேட்ட வாக்கு ஒன்றுதான்.

"வெளிய விட்டுராதீங்க சாமி."

"விடமாட்டேன்" என்றேன்.

துரை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களில் முதலாவது, ஒருவர் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது, இன்னொருவரிடம் சரிபார்க்க வேண்டும் என்பது. அவள் சொன்னதில் இரண்டு இடம் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. மூப்பரின் தகப்பனும் இன்னொருவரும் கூடப்பிறந்தவர்களா, சிற்றப்பன் பெரியப்பன் மக்களா என்று தெளிவாகவில்லை. மூப்பர் மரத்தடியில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நான் சாமர்த்தியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாக அவர் தகப்பன் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

கத்தி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கிழங்கைக் கீழே வைத்தார்.

"இதை யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. பழைய சர்க்கார் ரிக்கார்டுல இருந்துச்சு."

"சர்க்காருக்கு இந்தப் பேரு தெரியாது சாமி. எங்க அப்பத்தா குடிசைக்குள்ள வச்சுக் கூப்பிட்ட பேரு. எங்க வீட்டு ஆளுகளுக்கு மட்டுந்தான் தெரியும்."

எழுந்து போய்விட்டார். அவர் வீட்டு ஆட்கள் என்று கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் தினமும் தோப்பில் தங்கியவள் ஒருத்திதான்.

ஆறு நாள் கழித்து வாந்திபேதி வந்தது.

அதற்கு முந்திய வாரம் ஊரில் திருவிழா வைத்துச் சாமி கும்பிட்டார்கள். வெளியூர் ஜனம் முழுக்க ஊருணியில்தான் குளித்தது, துவைத்தது. கோடையில் தண்ணீர் முழங்காலளவுதான் கிடந்தது. முதலில் ஊருக்குள் இரண்டு பேர் விழுந்தார்கள். மறுநாள் தோப்பில் மூப்பரின் பேரன். காலையில் கிழங்கு தின்றுகொண்டிருந்த பிள்ளை, பொழுது சாய்வதற்குள் கண் உள்ளே போய், தோல் சுருங்கி, கிழவனைப் போல் ஆகிவிட்டான். அடுத்து மூப்பரின் மனைவி. நான் மாட்டுவண்டி பிடித்து மேலூருக்கு ஆள் அனுப்பினேன். சுகாதார இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒன்றரை நாள் ஆனது. கிணறுகளில் சிவப்பு மருந்தைக் கரைத்தார். ஊருணியைப் பார்த்ததும் என்னிடம், "இதையா குடிச்சாங்க?" என்றார். நான் தலையாட்டினேன்.

தோப்பில் ஆறு பேர் செத்தார்கள். ஆறு பேரையும் கீழேயே புதைத்தோம். மலைக்குக் கொண்டுபோக இன்ஸ்பெக்டர் விடவில்லை. கடைசிக் குழிக்கு மண் தள்ளியதும், எஞ்சியவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். நான் வாங்கிக் கொடுத்த அரிசி சாக்கு தோப்பிலேயே கிடந்தது.

நான்காம் நாள் நானும் ஏறினேன். முடியாது என்று நான் தவிர்த்த அதே மூன்று மணி நேர ஏற்றம். மேலே போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஒரு பாறையடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் தனியே, வெயிலில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை அறுத்துவிட்டிருந்தார்கள்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினேன். "இது பேரைச் சொன்னதால வந்ததில்லப்பா. தண்ணியில வந்த நோயி. கொட்டாம்பட்டியில ஏழு பேரு செத்துருக்காங்க. அங்க யாரு, யாரு பேரைச் சொன்னாங்க?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர், தண்ணீர் என்று பலமுறை சொன்னேன். அந்தத் தண்ணீருக்கு அவர்களைக் கொண்டுவந்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது. மனைவியையும் பேரனையும் புதைத்துவிட்டு வந்த மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

மூப்பர், "சாமி சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அவ இங்கன இருக்க முடியாது" என்றார்.

அவள் எழுந்து எனக்கு முன்னால் இறங்க ஆரம்பித்தாள். யாரும் அவளைத் திரும்பிக் கூப்பிடவில்லை.

வேறு போக்கிடம் இல்லை. பஸ்ஸில் ஏற்றி மேலூர் வழியாக மதுரைக்குக் கூட்டிவந்தேன். பஸ்ஸில் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பசுமலை வீட்டில் என் மனைவி அவளையும் அவள் தலையையும் பார்த்துவிட்டு, "யாருங்க இது? என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நோய் வந்ததையும் விரட்டிவிட்டதையும் சொன்னேன். என் பங்கைச் சொல்லவில்லை. மனைவி வேறெதுவும் கேட்காமல் சோறு போட்டாள். வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தாள்.

மூன்று மாதம் அங்கே இருந்தாள். ஒருநாள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"பேரை நீங்கதானே வெளிய விட்டீங்க?"

"ஆமா."

"சரி" என்றாள். முறம் நிற்கவில்லை. அதைப் பற்றி அவள் என்னிடம் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பிறகு தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து ஒரு பஞ்சாலையில் கழிவுப் பஞ்சு பொறுக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். மில்லுக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு குடிசையில் தங்கிக்கொண்டாள். தீபாவளி பொங்கலுக்கு என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

கட்டுரை அடுத்த வருடம் அச்சானது. கொடிவழி மடித்து வைக்கும் பெரிய தாளில், மகளையும் சேர்த்து அவள் சொன்ன நாற்பத்து மூன்று செத்தவர்களின் பெயர்களோடு வந்திருந்தது. துரை பாராட்டி எழுதினார். மெட்ராஸில் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். மாலை போட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். தாளை விரித்து அவள் மகள் பெயரைக் காட்டினேன். வாசித்துக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். பெயருக்குப் பக்கத்தில் இருந்த சிறு சிலுவைக் குறியைத் தொட்டு, இது என்ன என்று கேட்டாள்.

"செத்துப்போனவங்கன்னு அடையாளம்."

தாள் முழுக்கக் கண்ணை ஓட்டினாள். "நான் எங்கன இருக்கேன்?"

காட்டினேன்.

"எனக்கு அந்த அடையாளம் போடலையே."

"நீதான் உசுரோட இருக்கியே."

"போட்டுருக்கலாம்" என்றாள். பஞ்சுத்தூசி ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் தாளைப் பழைய மடிப்பில் மடிக்க முயன்றேன். சரியாக வரவில்லை. அப்படியே சுருட்டிக்கொண்டு வந்தேன்.

யுத்தம் வந்தது. அரிசிக்கு வரிசையில் நிற்கும் காலம் வந்தது. அவளுக்கு இருமல் தொடங்கியிருப்பதாக மனைவி சொன்னாள். பஞ்சுத்தூசி என்றார்கள், காசநோய் என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது பாதியாக இருந்தாள். பதினொரு நாள் இருந்தாள். சுனைத் தண்ணீர் கிடைக்குமா என்று ஒருமுறை என் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். வேறு யாரையும் எதையும் அவள் கேட்கவில்லை. வைகைக் கரையில் புதைத்தோம். நான், என் மனைவி, அவளோடு குடிசையில் இருந்த இரண்டு பெண்கள், குழி வெட்டியவர். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில்தான் மனைவியிடம் மூப்பரிடம் பெயர் சொல்லிக் கேட்டதைச் சொன்னேன். அதைக் கேட்டதும் மனைவி என்னை விட்டு முன்னால் நடந்து போய்விட்டாள்.

அவளுடைய ஜனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்போது கரியில் ஓடும் பஸ்கள்தான். வழியில் இரண்டு இடத்தில் நின்று, மேலூர் தாண்டி, ஊர்ந்து ஊர்ந்து கொட்டாம்பட்டி போய்ச் சேர்ந்தது. மலைக்கு ஏற வேண்டியிருக்கவில்லை. யுத்தத்துக்காக மரம் வெட்டுகிறார்கள் என்று காட்டை மூடிவிட்டார்களாம். அவர்களில் பாதிப் பேர் திருச்சி ரோட்டோரம் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். மூப்பரும் அங்கே இருந்தார். கண்ணில் பூ விழுந்திருந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார்.

அவள் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. நிறுத்திக்கொண்டு, "மதுரைக்கு வந்தவங்க போயிட்டாங்க" என்றேன்.

அவர் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டார். பல வருடங்களாக நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "பெரியவரே, அன்னைக்கு அந்த ஆறு பேரு செத்ததுக்கு நான்தான் காரணம். என் சௌகரியத்துக்காக உங்களைக் கீழ எறக்குனேன். கார்டை விட்டு மெரட்ட வச்சதும் நான்தான். மதுரைக்கு வந்தவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"தெரியும் சாமி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கீழ்த் தண்ணி ஆகாதுன்னு எறங்குறதுக்கு முந்தியே சொன்னேன்ல. எங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா அவங்களை வெரட்டுனீங்க?"

"உங்களை வெரட்ட முடியுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்கு தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "ஆறு பேரு போயிருக்கு. சனம் யாரையாச்சும் கேக்கும்ல. கார்டை வெரட்ட முடியாது, உங்களை வெரட்ட முடியாது. அவளைத்தான் முடிஞ்சுச்சு."

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது அடங்கிய பிறகு அவர், "எங்கன போட்டீங்க?" என்று கேட்டார்.

"வைகைக் கரையில."

"மணலா, மண்ணா?"

"மண்ணு."

"சரி" என்றார். கையால் துழாவி ஒரு கல்லை எடுத்து வைத்து உடைக்கத் தொடங்கினார். நான் பஸ் வரும் வரை அங்கேயே நின்றேன்.

அடுத்த வாரம் துரைக்குக் கடிதம் எழுதினேன், இனி என்னால் இந்த வேலை ஆகாது என்று. அவர் வருத்தப்பட்டுப் பதில் போட்டார். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, உடல்நலம் சரியானதும் தொடரலாம் என்று எழுதியிருந்தார். நான் தொடரவில்லை. கருவிகளை ஒரு பெட்டியில் போட்டு மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன்.